கணினியிலிருந்து சேர்வருக்கு: தமிழ்த் தளமொன்று இடம் மாறும்போது எங்கே உடைகிறது

மட்டக்களப்பு நகரிலும், கல்முனை, மருதமுனை, அக்கரைப்பற்று போன்ற அம்பாறைக் கரையோர ஊர்களிலும் இணையத்தளம் கட்டித் தருபவர்கள் பெரும்பாலும் தனி ஆட்களாகவோ இரண்டு மூன்று பேராகவோ வேலை செய்கிறவர்கள். கோவில் பரிபாலன சபை, பாடசாலையொன்றின் பழைய மாணவர் சங்கம், கைத்தறிச் சேலை விற்கும் கடை என்று யார் கேட்டு வந்தாலும், மடிக்கணினியில், தளத்தை அதற்குள்ளேயே ஓடவைக்கும் ஸாம்ப் என்ற இலவசத் தொகுதியை நிறுவி, அதற்குள் தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸையோ ஜூம்லாவையோ போட்டு, இணைய இணைப்பே இல்லாமல் தளத்தை முழுவதுமாகக் கட்டி முடிப்பதே எங்கள் வழக்கம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, சார்ஜ் இருக்கும்வரை இப்படி வேலை செய்வதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. கட்டும்வரை சிக்கல் பெரிதாக இராது. கட்டி முடித்ததைச் சேர்வருக்கு, அதாவது தளத்தை இணையத்தில் எல்லோருக்கும் காட்டும் கணினிக்கு, ஏற்றும் நாளில்தான் அது தொடங்குகிறது.

அந்த நாளில் நடப்பது அனேகமாக ஒரே மாதிரியானது. கோப்புகள் ஏற்றப்படுகின்றன, தரவுத்தளமும் ஏற்றப்படுகிறது, கட்டியவர் தன் கணினியில் திறந்து பார்த்து எல்லாம் சரியென்று செய்தி அனுப்புகிறார். சற்று நேரத்தில் சபைத் தலைவர் அழைத்து, "படம் ஒண்டும் வருகுதில்லயே தம்பி" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. பக்கத்திலுள்ள படங்களின் முகவரிகள் இன்னும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரிலேயே இருக்கின்றன, 127.0.0.1 என்ற எண்ணுக்குரிய அந்தப் பெயர், எந்தக் கருவியில் பக்கத்தைத் திறக்கிறோமோ அந்தக் கருவியையே குறிக்கும். கட்டியவரின் மடிக்கணினியில் ஸாம்ப் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதால் படங்கள் அங்கிருந்தே வந்துவிடுகின்றன. தலைவரின் தொலைபேசியோ தனக்குள்ளேயே தேடி ஒன்றையும் காணாமல் வெற்றுக் கட்டத்தைக் காட்டுகிறது. ஆக, பிழை தெரியாத ஒரே கணினி அதைத் திருத்த வேண்டியவரின் கணினிதான். ஏற்றிய தளத்தைச் சோதிக்குமுன் ஸாம்பை நிறுத்திவிட வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது இப்படியான ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான்.

இந்தச் சிக்கல் ஏன் வருகிறது என்பதற்கான விடை, இத்தகைய தளங்கள் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. முன்பு கையால் எழுதிய எச்டிஎம்எல் பக்கங்களைச் சேர்வருக்குப் படியெடுத்தாலே போதுமாக இருந்தது. பக்கமும் படமும் கோப்புகளாகவே இருந்தன. 2001இல் வெளிவந்த ட்ரூபல், 2003 மே மாதத்தில் வந்த வேர்ட்பிரஸ், 2005இல் மாம்போவிலிருந்து பிரிந்த ஜூம்லா ஆகிய உள்ளடக்க முகாமை மென்பொருள்களில் தளம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மென்பொருளும், தோற்றத்தைத் தரும் தீமும், கூடுதல் வசதிகளைத் தரும் பிளகின்களும், படங்களும் கோப்புகளாக ஒரு புறம். எழுத்துகளும் அமைப்புகளும் தரவுத்தளத்தில் மறுபுறம். அந்தத் தரவுத்தளத்துக்குள் எழுதியவரின் கட்டுரை, தளத்தின் நிறமும் பட்டியலும், தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்ற செய்தி ஆகிய மூன்றும் வரப்பு வெட்டாத வயல் போல ஒன்றாகக் கலந்திருக்கின்றன. எங்கே பிறந்தோம் என்பதைத் தளம் நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதி வைத்திருக்கிறது என்பதால், படியெடுப்பது வேலையின் பாதிதான்.

மூன்று மென்பொருள்களும் இதில் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஜூம்லா, கட்டுரைக்குள் சேர்க்கும் படத்தின் பாதையைத் தள முகவரி இல்லாமலே சேமிப்பதால், அமைப்புக் கோப்பிலுள்ள தரவுத்தளப் பெயரையும் கடவுச்சொல்லையும் தற்காலிகக் கோப்புறையின் பாதையையும் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ட்ரூபல் 2015இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து அமைப்புகளைத் தனி உரைக் கோப்புகளாக வெளியே எடுக்க வழி செய்தது. கலந்து கிடந்த மூன்றில் ஒன்றையாவது பிரித்தெடுத்த செயல் அது. வேர்ட்பிரஸ் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும், பட்டியலில் சேர்க்கும் தனி இணைப்புகளுக்கும் முழு முகவரியையே எழுதுகிறது. இது வடிவமைப்பின் குறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் கட்டப்படும் தளங்களில் நான் கண்டவை பெரும்பாலும் வேர்ட்பிரஸில் இருப்பதால், அந்தக் குறையோடு பழகத் தெரிந்திருக்க வேண்டும்.

பழகத் தெரியாதவர் முதலில் செய்வது, தரவுத்தளத்தை ஒரு உரைக் கோப்பாக இறக்கி, நோட்பேட் போன்ற ஒன்றில் திறந்து, பழைய முகவரி இருக்கும் இடமெல்லாம் புதியதை இட்டு, திரும்ப ஏற்றுவது. தளம் திறக்கும், கட்டுரைகளும் படங்களும் வரும். ஆனால் பக்கவாட்டுப் பகுதிகள் காணாமற்போயிருக்கும், தீமின் அமைப்புகள் புதிதாக நிறுவிய நாளின் நிலைக்குத் திரும்பியிருக்கும். காரணம் நீளக் கணக்கு. இந்த மென்பொருள்கள் எழுதப்பட்ட பிஎச்பி மொழி பல அமைப்புகளை ஒன்றாகக் கட்டிச் சேமிக்கும்போது ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி வைக்கிறது. கணினியில் கோவில் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தாகக் கொண்ட கோப்புறைக்குள் தளம் இருந்ததென்றால், லோக்கல்ஹோஸ்ட் முகவரி மொத்தம் 22 எழுத்து. ஆகவே '22' என்ற எண் முன்னால் இருக்கும். புதிய முகவரி 27 எழுத்தென்று வையுங்கள். நோட்பேட் முகவரியை மாற்றுகிறதே தவிர முன்னாலிருக்கும் 22ஐத் தொடுவதில்லை. பிஎச்பி 22 எழுத்தை எண்ணிவிட்டு அடுத்தது மேற்கோள் குறியாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறது. அங்கே வேறெதுவோ இருக்க, கட்டு முழுவதையும் பழுதென்று தள்ளிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் திரையில் வருவதில்லை என்பதுதான் இதில் கொடுமை. வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியோ, இடமாற்றத்துக்கென்றே எழுதப்பட்ட பிளகின்களோ, கட்டை அவிழ்த்து, முகவரியை மாற்றி, நீளத்தைத் திரும்ப எண்ணிக் கட்டுகின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே கையால் மாற்றுவதை விட்டுவிட வேண்டும்.

இந்த நீளக் கணக்கு தமிழில் இன்னும் ஒரு படி சிக்கலாகிறது. பிஎச்பி எண்ணுவது எழுத்தை அல்ல, கணினி சேமிக்கும் அலகான பைட்டை. 'மட்டக்களப்பு' என்ற சொல்லை நாம் எண்ணினால் 8 எழுத்து. புள்ளிகளையும் கடைசி உகரக் குறியையும் தனித்தனியாகக் கொள்ளும் யூனிக்கோடு என்ற உலகப் பொது எழுத்து முறை அதை 12 குறிகளாகப் பார்க்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் யூனிக்கோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் செலவாவதால், தரவுத்தளத்துக்குள் அது 36 பைட். ஆங்கிலத் தளத்தில் நீள எண்ணைக் கையால் திருத்தித் தப்பியவரும், முகவரி இருக்கும் சொற்றொடருக்குள் தமிழும் இருந்தால் தப்ப முடியாது.

பைட்டுக் கணக்கு தவறினால் ஒரு கட்டுத்தான் பழுதாகிறது. எழுத்துக் குறிமுறை தவறினால் தளம் முழுவதும் படிக்க முடியாமற்போகும். யூடிஎஃப்-8 இல் இறக்கிய கோப்பை, பழைய மேற்கு ஐரோப்பியக் குறிமுறை என்று நினைத்துச் சேர்வர் உள்வாங்கினால், ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எழுத்தாகிவிடும். தமிழ்க் குறிகள் எல்லாமே ஒரே பைட்டில் தொடங்குவதால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய 'ஏ'யும் அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்ற வணிகக் குறியும் பக்கம் முழுக்க நிறைந்து நிற்கும். அதைக் கண்டால் கலங்க வேண்டியதில்லை. பைட்டுகள் ஒன்றும் தொலையவில்லை, தவறாகப் படிக்கப்பட்டிருக்கின்றன, சரியான குறிமுறையைச் சொல்லித் திரும்ப ஏற்றினால் தமிழ் வந்துவிடும். ஆனால் தரவுத்தளத்துக்குள்ளேயே வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால் கதை வேறு: அந்த அட்டவணையால் தமிழைக் கொள்ள முடியாமல், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு மூலத்தை எறிந்துவிட்டது என்பதே பொருள். மீட்பதற்கு அங்கே எதுவுமில்லை. கணினியிலுள்ள பிரதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான மையெஸ்கியூஎல்லில் நெடுங்காலம் 'யூடிஎஃப்8' என்று அழைக்கப்பட்டது 3 பைட் வரை மட்டுமே கொள்ளும் அரைகுறை வடிவம். 4 பைட்டும் கொள்ளும் முழு வடிவம் 5.5.3ஆம் பதிப்பில்தான் வந்தது, வேர்ட்பிரஸ் அதற்கு மாறியது 2015இல். தமிழுக்கு 3 பைட் போதும் என்பதால் பழைய வடிவிலும் நம் எழுத்து பிழைத்துக்கொள்ளும். கட்டுரைக்கு நடுவில் யாரோ போட்ட கைகூப்பும் பொம்மைக் குறிதான் மாட்டிக்கொள்ளும். கணினியில் மையெஸ்கியூஎல் 8 இருந்து, தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில் அதிலிருந்து பிரிந்த மரியாடிபியின் பழைய பதிப்பு இருந்தால், அகரவரிசை முறையின் பெயரே தெரியவில்லை என்று சொல்லி ஏற்றம் நின்றுவிடுவதும் உண்டு. இறக்கிய கோப்பில் அந்த ஒரு பெயரை மாற்றினால் சரியாகும்.

குறிமுறையைப் பற்றிப் பேசும்போது பாமினியை விட்டுவிட முடியாது. சங்கங்களும் சபைகளும் தங்கள் பழைய ஆண்டறிக்கைகளையும் மலர்களையும் வேர்ட் கோப்பாகக் கொண்டுவந்து கொடுக்கும்போது, அவற்றில் பெரும்பகுதி பாமினியில் தட்டச்சிட்டதாகவே இருக்கும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை அணிவித்த எழுத்துரு. கட்டியவரின் கணினியில் அது நிறுவப்பட்டிருப்பதால் தமிழாகத் தெரிவது, பார்ப்பவரின் தொலைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது குவியல்தான். லோக்கல்ஹோஸ்ட் படத்தின் கதையேதான் இது, உருவம் மட்டும் வேறு. யூனிக்கோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; ஆனால் ஆங்கிலச் சொற்கள் கலந்த பத்திகளை அவை சிதைத்துவிடும் என்பதால், மாற்றிய பிறகு ஒரு மனிதர் இருந்து வாசிக்கத்தான் வேண்டும்.

தமிழ்த் தலைப்புகள் பக்க முகவரியில் படும் பாட்டையும் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் முகவரி ஒருமுறை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரவிய பின் மாற்றினால் பழைய இணைப்புகள் முறிந்துபோகும். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே பக்க முகவரியை உருவாக்குகிறது. அதற்கென்று தரவுத்தளத்தில் 200 எழுத்துக்கு மட்டுமே இடம். ஒரு தமிழ்க் குறியின் 3 பைட்டும் முகவரிக்குரிய வடிவில் 9 எழுத்தாகிவிடுவதால், அந்த 200க்குள் அடங்குவது 22 குறிகள்தான். 'மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலய ஆடி அமாவாசைத் தீர்த்தம்' என்று ஒரு பதிவுக்குத் தலைப்பிட்டால், மட்டக்களப்பு மட்டுமே 108 எழுத்தைத் தின்றுவிடுகிறது. முகவரி 'மட்டக்களப்பு-மாமாங்கேஸ்' என்பதோடு அறுந்து நிற்கிறது. ஈஸ்வரரை முழுதாகச் சொல்லவும் இடமில்லை. அடுத்த ஆண்டு தீர்த்தத்தைப் பற்றி எழுதினாலும் அதே துண்டு, பின்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டு. தலைப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும். முகவரியை மட்டும் இரண்டு மூன்று குறுஞ்சொற்களாகவோ ஆங்கில எழுத்திலோ கையால் கொடுப்பதே நல்லது.

கோப்புப் பெயர்களிலும் தமிழைத் தவிர்க்கச் சொல்வேன், மனமில்லாமல்தான். 'கோ' என்ற எழுத்தை யூனிக்கோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று; லினக்ஸ் சேர்வருக்கு இரண்டும் வெவ்வேறு. பழைய மாக் கணினிகளின் கோப்பு முறைமை பெயரைப் பிரித்தே சேமித்ததால், அங்கிருந்து வந்த 'திருக்கோவில்' என்ற படத்தை, தரவுத்தளத்திலுள்ள 'திருக்கோவில்' என்ற பெயரால் தேடிச் சேர்வர் இல்லையென்று கைவிரித்துவிடும். ஆங்கிலப் பெயர்களுக்கும் இதைப் போன்ற ஒரு பொறி இருக்கிறது. பெரிய எழுத்தில் பெயரிட்டதைச் சிறிய எழுத்தில் கேட்டாலும் வின்டோஸ் எடுத்துத் தரும், லினக்ஸ் தராது. கமராவிலிருந்து வரும் படங்கள் பெரிய எழுத்தில் முடிவதால் கண்காட்சிப் பக்கங்கள்தான் முதலில் காலியாகும்.

கோப்பின் பருமன், பிஎச்பி பதிப்பு ஆகியவை சலிப்பூட்டும் தடைகளே தவிர ஆழமானவையல்ல. பிஎச்பி தன்னியல்பாக ஏற்கும் ஒரு கோப்பின் அளவு 2 மெகாபைட். ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைக் கூட்டி வைத்திருந்தாலும் பெரிய தரவுத்தளம் பாதியில் நிற்கலாம், அப்போது சுருக்கியோ பிரித்தோ ஏற்ற வேண்டும். முகப்பு மட்டும் திறந்து உட்பக்கங்கள் எல்லாம் 404 (பக்கம் இல்லை) என்று சொன்னால், வேர்ட்பிரஸின் நிரந்தர இணைப்பு அமைப்பை ஒருமுறை திறந்து அப்படியே சேமித்தால் போதும். பழைய கோப்புறைக்குரிய வழிமாற்ற விதிகள் புதிதாக எழுதப்பட்டுவிடும்.

தளத்தின் முகவரிப் பெயரான டொமைனைப் புதிய சேர்வருக்குத் திருப்புவது நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. ஒரு பெயருக்குரிய சேர்வர் எண்ணை உலகெங்குமுள்ள இணைய நிறுவனங்கள் குறித்த வினாடிகளுக்கு நினைவில் வைத்திருக்கின்றன. 86400 வினாடி என்று இருந்தால் அது ஒரு முழு நாள். அந்த நாளில் சூரிச்சிலிருக்கும் உறவினர் பழைய தளத்தையும், கல்லடியிலிருப்பவர் புதியதையும் காண்பார்கள். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அந்த வினாடிக் கணக்கை 300 ஆகக் குறைத்து வைத்தால் இந்த இடைவெளி சில நிமிடங்களாகச் சுருங்கும். பெயரைத் திருப்புமுன், வின்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனையும் புதிய சேர்வரின் எண்ணையும் ஒரு வரியாக எழுதிவிட்டால், உங்கள் கணினி மட்டும் புதிய தளத்தைக் காணும். உண்மையான முகவரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். முடிந்ததும் அந்த வரியை அழிக்க மறந்தால், மறுபடி உங்களுக்கு மட்டும் ஒரு தனி உலகம். கடிதங்கள் எங்கே சேர வேண்டும் என்று டொமைனில் எழுதியுள்ள மின்னஞ்சல் பதிவுகளையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தளத்தோடு சேர்த்து அவற்றையும் அடித்துச் சென்றால், சங்கத்துக்கு வரும் கடிதங்கள் எங்கும் சேராமல் போகும்.

பாதுகாப்புச் சான்றிதழுக்கு இப்போது பணம் கொடுக்கத் தேவையில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 90 நாள் சான்றிதழை இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங் கணக்குகள் அதைத் தாமாகவே புதுப்பிக்கின்றன. 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று முகவரிப் பட்டையிலேயே எழுதிக் காட்டுகிறது. கோவிலுக்கு உபயம் கட்ட வருபவருக்கு அது நல்ல வரவேற்பல்ல. வழக்கமான முறையில், டொமைன் புதிய சேர்வரைச் சுட்டிய பிறகே சான்றிதழ் கிடைக்கும் என்பதால், பெயரைத் திருப்புவதை இரவில், பார்ப்பவர் குறைந்த நேரத்தில் வைத்துக்கொள்வது வசதி. எங்கள் தளங்களுக்கு இரவிலும் கனடாவிலிருந்து ஆட்கள் வருவார்கள், அது வேறு விடயம்.

கட்டும் காலத்தில் தேடுபொறிகள் வரவேண்டாமென்று வேர்ட்பிரஸின் வாசிப்பு அமைப்பில் ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டிருப்போம். அந்தக் குறியை எடுக்க மறந்து, ஆறு மாதமாகியும் கூகுளில் வரவில்லையே என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். நேர வலயம் கொழும்புக்கு மாற்றப்படாவிட்டால் நேரம் குறித்து வைத்த எல்லா அறிவித்தலும் ஐந்தரை மணித்தியாலம் பிந்தி வெளிவரும். தொடர்புப் படிவம் இன்னும் கட்டியவரின் மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருக்கும். கடையென்றால் பணம் பெறும் வழி இன்னும் சோதனை நிலையிலேயே இருக்கும்.

இதுவரை சொன்னது முதன்முறையாக ஏற்றும் தளத்துக்கு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்தைப் புதுப்பித்து ஏற்றும்போது ஆபத்தின் திசையே மாறிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் தளத்தைக் கணினிக்கு இறக்கி, மூன்று வாரம் அதற்குப் புதிய உருவம் கொடுத்து, முழுத் தரவுத்தளத்தையும் பழையதின் மேல் ஏற்றினேன். அந்த மூன்று வாரத்துக்குள் வெளிநாட்டிலிருந்து உறுப்பினராகப் பதிந்தவர்களின் விபரங்கள் அனைத்தும் என் கையாலேயே அழிந்தன. செயலாளர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் திரும்பப் பதிந்தார். தீமும் பிளகினும் போன்ற கோப்புகள் கணினியிலிருந்து சேர்வருக்கு ஏறலாம். எழுத்தும் பதிவும் சேர்வரிலிருந்து கணினிக்கு இறங்க மட்டுமே வேண்டும். தரவுத்தளத்துக்குள் செய்த அமைப்பு மாற்றங்களை ஒரு தாளில் குறித்து வைத்து, சேர்வரில் கையாலேயே திரும்பச் செய்கிறேன் இப்போது. மெதுவான வேலை, ஆனால் எவருடைய பெயரும் தொலைவதில்லை.

டொமைன் யாருடைய பெயரில் பதிவாகிறது என்பதையும் அந்த நாளிலேயே தீர்த்துவிட வேண்டும். வசதிக்காகக் கட்டியவர் தன் பெயரில், தன் அட்டையில் பதிந்துவிட்டு, பிறகு வெளிநாடு போய்விட்டால், சபைக்குத் தன் பெயரே சொந்தமில்லாமல் போகிறது. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐ எட்டியபோது, யார் புதுப்பிப்பது என்ற பேச்சு பல இடங்களில் மனத்தாங்கலாக முடிந்தது. ஹோஸ்டிங், டொமைன் இரண்டின் கணக்கும் சபையின் பொது மின்னஞ்சலில் இருக்க வேண்டும்; கடவுச்சொல் ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கக் கூடாது.

தளம் ஏறிய பிறகு மடிக்கணினியிலுள்ள பிரதிக்கு வேலை மாறுகிறது. இனி அது மூலமல்ல, சேர்வரின் நிழல். சேர்வரின் பொதுக் கோப்புறையில் மறந்து விட்ட தரவுத்தளக் கோப்பையும் சுருக்கப் பொதியையும் முதலில் அழித்துவிடுங்கள். பெயரை ஊகிக்கும் எவரும் அவற்றை இறக்கிக்கொள்ளலாம். 1978இன் சூறாவளியையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது என்பதால், காப்புப்பிரதி ஒன்று ஊருக்கு வெளியேயும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் சேர்வரிலிருந்து தரவுத்தளத்தை இறக்கி, மடிக்கணினியிலுள்ள பழையதின் மேல் ஏற்றி, முகவரியை இம்முறை எதிர்த்திசையில் லோக்கல்ஹோஸ்டாக மாற்றித் திறந்து பாருங்கள். திறந்து படங்கள் வந்தால் அந்தக் காப்புப்பிரதி வேலை செய்யும். அப்போது ஸாம்ப் ஓடிக்கொண்டிருக்கலாம்.